எவ்வளவு கதிர்வீச்சு என்று அந்த அம்மா கேட்டார்

நான் சி.டி. ஸ்கேன் அறையில் வேலை செய்கிற டெக்னீஷியன். இந்த வேலையில் ஒரு நாளைக்கு எத்தனை முறை "ஒண்ணும் ஆகாது" என்று சொல்கிறேன் என்பதற்குக் கணக்கே இல்லை. ஊசி குத்தும்போது சொல்வேன். மெஷின் சுற்றுகிற சத்தத்துக்கு ஆள் மிரளும்போது சொல்வேன். படத்தில் உறுப்புகள் எடுப்பாகத் தெரியப் போடுகிற கான்ட்ராஸ்ட் மருந்து ஏறும்போது உடம்பெல்லாம் சூடாகிறதே என்று பதறுபவர்களிடம் சொல்வேன். பெரும்பாலும் அது உண்மைதான். ஆனால் ஓர் இரவு அதையே ஓர் அம்மாவிடம் சொல்லிவிட்டு, பத்து நிமிடம் கழித்துத் திரையைப் பார்த்தபோது, அதைச் சொல்ல எனக்கு எந்தத் தகுதியும் இல்லை என்று தெரிந்தது. வருடங்கள் ஓடிவிட்டன. இன்னமும் அது நெஞ்சில் முள்ளாக இருப்பதால்தான் எழுத உட்கார்ந்தேன்.

மூன்று வயதுப் பெண் குழந்தை. மாடிப்படியில் உருண்டு விழுந்திருக்கிறாள். இரண்டு முறை வாந்தி எடுத்துவிட்டாள். கூப்பிட்டால் கண்ணைத் திறந்து ஒரு பார்வை பார்ப்பாள், மறுபடி மூடிக்கொள்வாள். அவசரப் பிரிவிலிருந்து தலைக்கு சி.டி. எழுதி அனுப்பியிருந்தார்கள். அதற்குச் சற்று முன்புதான் சாலை விபத்தில் அடிபட்ட ஒரு பெரியவரின் தலையை எடுத்து முடித்திருந்தேன். டேபிளைத் துடைத்து, புது விரிப்பு போட்டு, குழந்தையைப் படுக்க வைத்து, நெற்றியிலும் தாடையிலும் பட்டை கட்டி, கன்சோலுக்கு ஓடி வந்து பட்டனைத் தட்டினேன். சில விநாடிகளில் முடிந்தது. குழந்தையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு அந்த அம்மா வாசலில் நின்று கேட்டார்: "தம்பி, இதுல எவ்வளவு கதிர்வீச்சு பட்டிருக்கும்?"

"ரொம்பக் கம்மிதாம்மா. ஒண்ணும் ஆகாது. போயிட்டு வாங்க."

அவர் தலையாட்டிவிட்டுப் போனார். நல்லவேளை, மண்டைக்குள் ரத்தக் கசிவு எதுவும் இல்லை. படங்களை அனுப்பிவிட்டு, ஒவ்வொரு ஸ்கேனின் கடைசியிலும் மெஷின் தானாகவே போடுகிற டோஸ் பக்கத்தை, அதாவது எவ்வளவு கதிர் என்று சொல்லும் பக்கத்தைப் பார்த்தேன். பார்த்தேன் என்று சொல்வதே தப்பு. அந்தப் பக்கத்தை நாங்கள் யாரும் பார்ப்பதில்லை, கடந்து போவோம். அன்று அந்த அம்மாவின் கேள்வி காதில் இருந்ததால் கண் அங்கே நின்றது. 58 மில்லிகிரே (கதிரின் அளவைச் சொல்லும் அலகு). அதற்கு முந்தைய பெரியவரின் பக்கத்தைத் திறந்தேன். அதிலும் 58. மேலே பார்த்தேன்: புரோட்டோகால், அதாவது மெஷினில் முன்கூட்டியே வைத்திருக்கும் அளவுகளின் தொகுப்பு, அதன் பெயர் 'அடல்ட் ஹெட்', பெரியவர்களின் தலைக்கானது. பட்டியலில் முதலாவதாக இருப்பது அதுதான். அவசரத்தில் கை பழக்கத்துக்கு அங்கேயே போயிருக்கிறது. குழந்தைகளுக்கென்று தனிப் புரோட்டோகால் அதே பட்டியலில், மூன்று வரி கீழே இருந்தது.

ஐரோப்பிய நாடுகளின் வழிகாட்டியில் 1 வயது முதல் 6 வயது வரையுள்ள குழந்தையின் தலைக்கு ஒப்பீட்டு அளவாக 40 மில்லிகிரே வைத்திருக்கிறார்கள். மூன்று மாதத்துக்கு உட்பட்ட சிசுவுக்கு அது 24. அதுவும் 'இதற்கு மேல் போனால் ஏன் என்று தேடு' என்பதற்கான எல்லை. எட்டிப்பிடிக்க வேண்டிய இலக்கு அல்ல. நல்ல மெஷினில், சரியாக எடுத்தால், அதற்கும் கீழேயே தெளிவான படம் கிடைக்கும். ஆக, அந்தக் குழந்தைக்குத் தேவையே இல்லாமல் கூடுதலாகப் போனது ஒரு பெரும் பங்கு. அதனால் படத்தில் ஓர் இம்மி கூடத் தெளிவு கூடியிருக்காது என்று சொல்ல மாட்டேன், கூடியிருக்கும். ஆனால் அந்தத் தெளிவை வைத்து மருத்துவர் செய்ய எதுவும் இல்லை.

பெரியவர்களைச் சுற்றிப் பிறந்த மெஷின்

1971-ல் லண்டனில் முதன்முதலாக சி.டி. மெஷினில் படுத்த நோயாளி ஒரு வளர்ந்த பெண்மணி, மூளையில் கட்டி இருக்கலாம் என்ற சந்தேகத்தில். அதிலிருந்து இன்றுவரை இந்த மெஷின் பெரியவர்களின் உடம்பை மனத்தில் வைத்தே வளர்ந்திருக்கிறது. டோஸை அளக்கிற முறையே அதற்குச் சாட்சி. திரையில் வருகிற அந்த எண் நோயாளியின் உடம்பில் அளந்தது அல்ல. அக்ரிலிக் உருளை ஒன்றை வைத்து அளந்து, அதிலிருந்து கணக்குப் போட்டுக் காட்டுவது. தலைக்கு 16 செ.மீ. விட்டமுள்ள உருளை, வயிறு, மார்புக்கு 32 செ.மீ. உருளை. வயிற்றுக்கு எடுக்கும்போது ஐந்து வயதுப் பையன் படுத்திருந்தாலும் பல மெஷின்கள் அந்த 32 செ.மீ. உருளைக்கு எவ்வளவு என்பதைத்தான் காட்டும். பையனின் இடுப்பு அதில் ஏறக்குறைய பாதிதான் இருக்கும். சிறிய உடம்பில் கதிர் நடுவரை அதிகம் குறையாமல் போய்விடும். 15 செ.மீ. குறுக்களவுள்ள குழந்தைக்குத் திரையில் 5 மில்லிகிரே என்று வந்தால், உண்மையில் அது வாங்கியது 10-க்கு மேல். இந்தத் திருத்தத்தை எப்படிப் போடுவது என்று அமெரிக்க மருத்துவ இயற்பியலாளர் சங்கம் அட்டவணையோடு அறிக்கை வெளியிட்டது 2011-ல்தான். அதாவது மெஷின் வந்து 40 வருடம் கழித்து.

இதில் என்னை மிகவும் தொந்தரவு செய்வது, திரையில் எண் சின்னதாக இருப்பதைப் பார்த்து நாம் நிம்மதியடைகிறோம் என்பது. குழந்தை எவ்வளவு சின்னதோ, அந்த எண் அவ்வளவு குறைத்துச் சொல்கிறது. யாருக்கு அதிகக் கவனம் வேண்டுமோ அவர்கள் விஷயத்தில்தான் அளவுகோல் அதிகமாகத் தவறுகிறது.

குழந்தைக்கு ஏன் இவ்வளவு கவலை என்பது படிக்கிறவர்களுக்குத் தெரிந்ததுதான். செல்கள் வேகமாகப் பெருகும் வயது, முன்னால் நீண்ட ஆயுள். நான் வேலைக்கு வந்த பிறகு கற்றுக்கொண்ட ஒன்றை மட்டும் சேர்க்கிறேன். ரத்தம் ஊறுகிற சிவப்பு மஜ்ஜை பெரியவர்களுக்குப் பெரும்பாலும் முதுகெலும்பு, இடுப்பு, மார்பெலும்புகளில் இருக்கும். சிறு குழந்தைக்கு அதில் கணிசமான பங்கு மண்டையோட்டில் இருக்கிறது. எனவே தலைக்கு எடுக்கும் ஸ்கேன் மூளைக்கு மட்டும் போவதில்லை, மஜ்ஜைக்கும் போகிறது. அந்தப் பெண் குழந்தையின் நெற்றியில் பட்டை கட்டிய என் விரல்களுக்கு நேர் கீழே அது இருந்தது.

10,000-ல் ஒன்று

அந்த இரவுக்குப் பிறகு கிடைத்ததையெல்லாம் படிக்க ஆரம்பித்தேன். இது புதுக் கேள்வி இல்லை என்பது முதலில் தெரிந்தது. 1950-களில் பிரிட்டனில் ஆலிஸ் ஸ்டூவர்ட் என்ற மருத்துவர், புற்றுநோயால் குழந்தைகளை இழந்த அம்மாக்களிடம் கேள்வித்தாள் கொடுத்துக் கேட்டார். கர்ப்பத்தில் எக்ஸ்ரே எடுத்துக்கொண்டவர்களின் குழந்தைகளுக்கு அதிகம் வந்திருக்கிறது என்று 1956-ல் எழுதினார். ஏற்றுக்கொள்ள மருத்துவ உலகம் பல வருடம் எடுத்துக்கொண்டது. யாரிடம் போய்க் கேட்டார் பாருங்கள். அம்மாக்களிடம்.

2001-ல் ஓர் அமெரிக்க ஆய்வுக் கட்டுரை, குழந்தைகளுக்கு எடுக்கும் சி.டி.யால் பின்னாளில் எத்தனை புற்றுநோய் மரணம் வரலாம் என்று கணக்குப் போட்டுக் காட்டியது. பத்திரிகைகள் அதைப் பெரிய எழுத்தில் போட்டன. ஆனால் எனக்கு முக்கியமாகப் பட்டது அதே இதழில் வந்த இன்னொரு கட்டுரை. பல மருத்துவமனைகளில் எடுத்த குழந்தைகளின் ஸ்கேன்களைச் சேகரித்துப் பார்த்திருக்கிறார்கள். குழந்தையின் வயதுக்கோ உடம்புக்கோ ஏற்ற மாதிரி, கதிரின் அளவைத் தீர்மானிக்கிற கரன்ட்டை யாரும் சரியாகக் குறைக்கவே இல்லை. பெரியவர்களுக்கு வைத்த அளவையே குழந்தைகளுக்கும் வைத்திருந்தார்கள். அதே வருடம் நவம்பரில் அமெரிக்க அரசின் மருந்து நிர்வாக அமைப்பு எல்லோருக்கும் எச்சரிக்கைக் கடிதம் அனுப்பியது. படித்தபோது எனக்கு முகம் சுட்டது. நான் செய்ததும் அச்சு அசல் அதே தவறு, எல்லோருக்கும் தெரிந்து பல வருடம் ஆன பிறகு.

அப்புறம் எண்கள். 2012-ல் லான்செட் மருத்துவ இதழில் வந்த பிரிட்டிஷ் ஆய்வு, 1985-லிருந்து 2002 வரை சி.டி. எடுத்துக்கொண்ட சுமார் 1,78,000 இளையோரைப் பின்தொடர்ந்தது. 10 வயதுக்குட்பட்ட 10,000 குழந்தைகளுக்குத் தலை ஸ்கேன் எடுத்தால், அடுத்த 10 வருடத்தில் கூடுதலாக ஒரு ரத்தப் புற்றுநோயும் ஒரு மூளைக் கட்டியும் வரலாம் என்பது அவர்கள் கணக்கு. உடனே மறுப்பும் வந்தது. தலைவலி, வலிப்பு என்று ஏற்கெனவே கட்டியின் அறிகுறி இருந்ததால்தானே ஸ்கேன் எடுத்திருப்பார்கள், நோய்தான் ஸ்கேனைக் கொண்டுவந்தது, ஸ்கேன் நோயைக் கொண்டுவரவில்லை என்று. நியாயமான கேள்வி. அதனால் பின்னால் வந்த ஆய்வுகள் ஸ்கேனுக்குப் பிந்தைய முதல் சில வருடங்களில் தெரியவந்த நோய்களைக் கணக்கில் சேர்க்காமல் விட்டன. 2023-ல் வந்த, ஒன்பது ஐரோப்பிய நாடுகளில் 9 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களைச் சேர்த்துச் செய்த ஆய்விலும் விடை கிட்டத்தட்ட அதே இடத்தில்தான் நின்றது: இன்றைய வழக்கமான டோஸில் 10,000 பேருக்கு எடுத்தால், அடுத்த 12 வருடங்களுக்குள் கூடுதலாக ஒருவருக்கோ இருவருக்கோ ரத்தம் சார்ந்த புற்றுநோய்.

ஒரு குழந்தையின் பக்கம் நின்று பார்த்தால் இது மிகச் சிறிய ஆபத்து. தலையில் ரத்தக் கசிவு இருக்கலாம் என்கிற குழந்தைக்கு, பார்க்காமல் விடுகிற ஆபத்து இதைவிட எத்தனையோ மடங்கு பெரியது. கன்சோலின் பக்கம் உட்கார்ந்து பார்த்தால் கணக்கு வேறு. நான் ஓய்வு பெறுவதற்குள் எத்தனை ஆயிரம் குழந்தைகள் என் கையால் அந்த டேபிளில் படுத்திருப்பார்கள்? அந்தப் பத்தாயிரத்தில் ஒருவர் என்பவர் எனக்கு வெறும் கணக்கு இல்லை. முகம் தெரியாத ஒரு குழந்தை, என் ஷிஃப்டில் வந்துவிட்டுப் போன குழந்தை.

நான் செய்த இரண்டாவது தவறு

அந்தக் குற்ற உணர்ச்சியில் நான் எதிர்ப்பக்கம் சாய்ந்தேன். குழந்தை என்று வந்தால் போதும், கையால் எம்.ஏ.எஸ்.ஸை, அதாவது கரன்ட்டும் நேரமும் சேர்ந்த அளவைக் குறைப்பேன். புரோட்டோகாலில் இருப்பதையும் தாண்டிக் குறைப்பேன். டோஸ் பக்கத்தில் சின்ன எண் வந்தால் மனசுக்கு இதமாக இருக்கும். இரண்டு மாதம் இப்படிப் போனது.

அப்போது ஆறு வயதுப் பையன் ஒருவன் வந்தான். குடல்வால் ஆபரேஷன் முடிந்து வீட்டுக்குப் போனவன், மறுபடி காய்ச்சலும் வயிற்று வலியுமாகத் திரும்பி வந்திருந்தான். உள்ளே எங்கோ சீழ் கட்டியிருக்கலாம் என்று சந்தேகம். முதலில் அல்ட்ராசவுண்ட் பார்த்திருக்கிறார்கள். குடலில் காற்று நிறைந்திருந்ததால் ஒன்றும் பிடிபடவில்லை. அதனால் கான்ட்ராஸ்ட்டோடு சி.டி. ஒல்லியான பையன். விலா எலும்பு எண்ணலாம். நான் வழக்கம்போலக் குறைத்து வைத்து எடுத்தேன். திரையில் படம் வந்தபோது கொஞ்சம் மணல் தூவியது போலத்தான் இருந்தது. போதும் என்று நினைத்தேன்.

பதினைந்து நிமிடத்தில், படங்களைப் பார்த்து அறிக்கை தருகிற ரேடியாலஜிஸ்ட் மேடம் நேராக வந்துவிட்டார். போனில் பேசுபவர் நேரில் வந்தால் விஷயம் பெரிது என்று அர்த்தம். "ஏம்பா, இதுல நான் எதைப் பார்த்துச் சொல்ல? குடல் எது, சீழ் எதுன்னே பிரியலையே" என்றார். என்னைப் பக்கத்தில் உட்காரவைத்து, படத்தை உருட்டிக்கொண்டே போய், இடுப்புக்குழிக்குப் பக்கத்தில் ஓர் இடத்தில் நிறுத்தினார். சாம்பல் நிறத்தில் ஒரு மங்கலான திட்டு. அதைச் சுற்றியும் சாம்பல். அது சீழாகவும் இருக்கலாம், திரவம் நிறைந்த குடல் மடிப்பாகவும் இருக்கலாம், வெறும் இரைச்சலாகவும், அதாவது கதிர் போதாமல் படத்தில் விழும் புள்ளிகளாகவும் இருக்கலாம். மூன்றில் எது என்று தெரியாமல் சர்ஜன் கத்தியை எடுக்கவும் முடியாது, எடுக்காமல் விடவும் முடியாது.

மறுபடி எடுத்தோம். மறுபடி கான்ட்ராஸ்ட், மறுபடி கதிர். அந்தப் பையன் அன்று வாங்கியது, முதலிலேயே சரியாக எடுத்திருந்தால் வாங்கியிருக்க வேண்டியதைவிட அதிகம். முதல் முறை பட்டது அத்தனையும் அவனுக்கு எந்தப் பயனும் இல்லாமல் போனது. அந்தப் பெண் குழந்தைக்குக் கூடுதலாகக் கொடுத்ததாவது ஒரு விடையைத் தந்தது. இவனுக்கு நான் குறைத்துக் கொடுத்தது எதையுமே தரவில்லை. இரண்டாவது படத்தில் அந்தத் திட்டைச் சுற்றி மெல்லிய வெள்ளை விளிம்பு தெளிவாகத் தெரிந்தது. சீழ்தான்.

வேலை ஓய்ந்த பிறகு மேடம் கூப்பிட்டார். திட்டப்போகிறார் என்று நினைத்தேன். திட்டவில்லை. முதலில் எனக்கு இரைச்சல் கணக்கைச் சொல்லிக்கொடுத்தார். டோஸைப் பாதியாக்கினால் படத்தின் இரைச்சல் சுமார் 40 சதவீதம் கூடும்; கால்வாசியாக்கினால் இரண்டு மடங்காகும். எலும்பு முறிவையோ சிறுநீரகக் கல்லையோ தேடினால் அந்த இரைச்சல் இருந்தாலும் பரவாயில்லை, கல் வெள்ளையாகப் பளிச்சென்று நிற்கும். நுரையீரலும் அப்படியே, கறுப்பும் வெள்ளையும் தனித்தனியாக இருக்கும். சீழும் குடலும் கல்லீரலும் ஒன்றுக்கொன்று நிறத்தில் மிக நெருக்கம்; அங்கே இரைச்சல் கூடினால் நோய் அதற்குள் ஒளிந்துகொள்ளும். அப்புறம் அவர் சொன்னதுதான் நான் இன்றுவரை கடைப்பிடிக்கிறது: "டோஸ் எவ்வளவுன்னு அப்புறம் பாப்போம். முதல்ல எதைத் தேடறோம்னு கேளு. அது தெரியாம கூட்டினாலும் தப்பு, குறைச்சாலும் தப்பு."

அதுவரை குறைப்பதுதான் நல்லது என்று நினைத்திருந்தேன். அந்தப் பையனுக்குப் பிறகு அப்படி நினைக்கவில்லை. குழந்தைக்குக் குறைவாகக் கொடுப்பதும் பெரியவரின் அளவைக் கொடுப்பதும் ஒரே அலட்சியத்தின் இரண்டு முகங்கள். இரண்டிலும் நான் அந்தக் குழந்தையைப் பார்க்கவில்லை. முதல் தடவை பழக்கத்தைப் பார்த்தேன், இரண்டாவது தடவை என் மன நிம்மதியைப் பார்த்தேன்.

அறைக்குள் நிஜமாகவே மாறியவை

மேடமும் நானும் இன்னும் இரண்டு பேரும் சேர்ந்து புரோட்டோகால் பட்டியலையே மாற்றி எழுதினோம். வயதை வைத்துப் போடுவதை நிறுத்திவிட்டு எடையையும் உடம்பின் குறுக்களவையும் வைத்துப் போட்டோம்; ஒரே வயதில் இரண்டு மடங்கு எடை வித்தியாசமுள்ள குழந்தைகளைப் பார்த்திருக்கிறேன். குழந்தைகளின் பட்டியலை மேலே கொண்டுவந்தோம். கேட்க அற்பமாகத் தோன்றும். ஆனால் என் முதல் தவறு நடந்ததே அந்த மூன்று வரி இடைவெளியில்தான்.

கே.வி.யை, அதாவது எக்ஸ்ரே குழாய்க்குக் கொடுக்கும் மின்னழுத்தத்தைக் குறைப்பது எனக்குப் பெரிய கண்டுபிடிப்பு. பெரியவர்களுக்கு வழக்கமாக 120-ல் எடுப்போம். ஒல்லியான குழந்தைக்கு 80 போதும். மற்றதெல்லாம் அப்படியே இருந்தால் அதிலேயே டோஸ் பாதிக்கும் கீழே இறங்கிவிடும். கான்ட்ராஸ்ட் மருந்தில் இருக்கும் அயோடின், குறைந்த கே.வி.யில் இன்னும் பளிச்சென்று தெரியும். கொஞ்சம் இரைச்சல் கூடினாலும் தேடுகிற விஷயம் எடுப்பாக நிற்கும். அதேபோல, கான்ட்ராஸ்ட் போடுவதற்கு முன் ஒன்று, பின் ஒன்று, தாமதமாக இன்னொன்று என்று பெரியவர்களுக்குச் செய்கிற வழக்கம் குழந்தைகளுக்கு அநேகமாக வேண்டியதில்லை. ஒரே சுற்று போதும். இரண்டு சுற்று எடுத்தால் கதிர் இரண்டு மடங்கு, அவ்வளவுதான்.

டேபிள் உயரம் இருக்கிறதே, அதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. குழந்தை கேன்ட்ரியின், அதாவது மெஷினின் வளையத்தின் நடுப்புள்ளிக்கு மேலேயோ கீழேயோ இருந்தால், முதலில் எடுக்கும் ஸ்கௌட் படத்தில் அதன் உருவம் பெரிதாகவோ சிறிதாகவோ விழும். அந்த உருவத்தை நம்பித்தான் மெஷின் கரன்ட்டைத் தானாகத் தீர்மானிக்கிறது. பெரியவருக்கு வைத்த உயரத்திலேயே குழந்தையைப் படுக்கவைத்தால் உடம்பு கீழே தங்கிவிடும். இரண்டு பட்டன் அழுத்தி டேபிளைத் தூக்க மூன்று விநாடி ஆகும். ஒரு பைசா செலவில்லாத திருத்தம் இது.

ஈயத் துணி பற்றியும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் பெற்றோர்கள் அதிகம் கேட்பது அதைத்தான். "குழந்தைக்கு மேல ஏன் கவசம் போடல?" என்று கோபமாகவே கேட்பார்கள். முன்பெல்லாம் போட்டோம். ஸ்கேன் செய்கிற பகுதிக்கு மேல் ஈயத்தைப் போட்டால் மெஷின் அதைத் தடிமனான உடம்பு என்று நினைத்து டோஸைக் கூட்டிவிடும், படத்திலும் கோடு விழும். ஸ்கேன் பகுதிக்கு வெளியே போடுவதாலும் பெரிய லாபம் இல்லை. அங்கே போய்ச் சேருகிற கொஞ்சநஞ்ச கதிரும் பெரும்பாலும் உடம்புக்கு உள்ளேயே சிதறிப் போவது. அதனால்தான் இனப்பெருக்க உறுப்புகளுக்கு வழக்கமாகக் கவசம் போடுவதை நிறுத்தலாம் என்று 2019-ல் அமெரிக்க மருத்துவ இயற்பியலாளர் சங்கமே அறிவித்தது. உள்ளே கூட நிற்கிற அம்மாவுக்கோ அப்பாவுக்கோ கவசம் கட்டாயம். அவர்களுக்குக் கதிர் வெளியிலிருந்து வருகிறது. இதை நின்று நிதானமாக விளக்கினால் புரிந்துகொள்கிறார்கள். விளக்காமல் விட்டால், கவசம்கூடப் போடாத இடம் என்று நினைத்துக்கொண்டு போவார்கள்.

ஆனால் டோஸ் வீணாவதற்குப் பெரிய காரணம் குழந்தை அசைவதுதான். அசைந்தால் படம் கலங்கும், கலங்கினால் மறுபடி எடுக்க வேண்டும். எனவே என் வேலையில் முக்கால்வாசி பட்டனைத் தொடுவதற்கு முன்பே முடிந்துவிட வேண்டும். கைக்குழந்தை என்றால் பால் கொடுத்துவிட்டு, துணியில் இறுகச் சுற்றி, தூங்கிய பிறகு எடுப்போம். நான்கு, ஐந்து வயது என்றால் சிலை விளையாட்டு. "நான் ஒண்ணு ரெண்டு மூணு சொல்றதுக்குள்ள நீ சிலையாகணும். கண்ணைக் கூடத் திறக்கக் கூடாது. முடியுமா?" என்று கேட்டு, டேபிளில் ஏற்றாமல் நாற்காலியிலேயே இரண்டு தடவை ஆடிப் பார்ப்போம். மூன்றாவது தடவை டேபிளில், மெஷின் சும்மா இருக்கும்போது. நான்காவது தடவைதான் நிஜம். இதற்கு ஏழெட்டு நிமிடம் ஆகும். வெளியே ஆட்கள் காத்திருப்பார்கள், முணுமுணுப்பார்கள். அந்த எட்டு நிமிடத்தால் எத்தனையோ குழந்தைகள் மயக்க மருந்து இல்லாமலேயே, ஒரே தடவையில் முடித்துக்கொண்டு போயிருக்கிறார்கள்.

எடுக்காத ஸ்கேன்

மெஷினை எவ்வளவு சரியாக வைத்தாலும், தேவையில்லாத ஸ்கேனைச் சரியான டோஸில் எடுப்பது சரியாகாது. தலையில் அடிபட்ட குழந்தைகளில் யாருக்கு சி.டி. வேண்டாம் என்று தெரிந்துகொள்ள, வட அமெரிக்காவில் 25 மருத்துவமனைகள் சேர்ந்து 42,412 குழந்தைகளை ஆராய்ந்து 2009-ல் ஒரு விதியை வெளியிட்டன. குழந்தை தெளிவாக இருக்கிறதா, நினைவு தப்பியதா, மண்டையோடு முறிந்த அறிகுறி உண்டா, எவ்வளவு உயரத்திலிருந்து விழுந்தது என்று சில கேள்விகள். எதுவுமே இல்லையென்றால் மூளைக்குப் பெரிய பாதிப்பு இருக்கும் வாய்ப்பு 2,000-ல் ஒன்றுக்கும் குறைவு. அப்போது ஸ்கேன் வேண்டாம். சந்தேகமாக இருந்தால் சில மணி நேரம் கண்காணிப்பில் வைத்துப் பார்க்கலாம். பெற்றோருக்கு இது கஷ்டம் என்று எனக்குத் தெரியும். ஸ்கேன் எடுத்துவிட்டால் நிம்மதி, காத்திருப்பது நரகம். "எடுத்தே ஆகணும்" என்று மருத்துவரிடம் சண்டை போடுகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். காத்திருக்கச் சொல்லும் மருத்துவர் உங்கள் குழந்தையை அலட்சியப்படுத்தவில்லை. அதிக வேலையை அவர்தான் ஏற்றுக்கொள்கிறார்.

அந்தப் பெண் குழந்தையை இந்த விதியில் வைத்துப் பார்த்திருக்கிறேன், பல தடவை. கூப்பிட்டால் சரியாக விழிக்கவில்லை, வாந்தி, படிக்கட்டில் விழுந்தது. அவளுக்கு ஸ்கேன் எடுத்தது சரி. எடுத்தே இருக்க வேண்டும். தப்பு நடந்தது என் கன்சோலில்.

எதிர்ப்பக்கமும் உண்டு. ஒரு தடவை ஓர் அப்பா கையெழுத்துப் போட மறுத்துவிட்டார். பையன் சைக்கிளிலிருந்து விழுந்து, பேச்சு குழறிக்கொண்டிருக்கிறான். குழந்தைக்கு ஸ்கேன் எடுத்தால் புற்றுநோய் வரும் என்று போனில் யாரோ அனுப்பியதைக் காட்டுகிறார். முன்பு போலிருந்தால் "ஒண்ணும் ஆகாது சார்" என்று சொல்லியிருப்பேன். சொன்னால் நம்பியிருக்க மாட்டார். அன்று அவரைக் கன்சோலுக்குக் கூட்டிப்போய், எடுப்பதற்கு முன்பே திரையில் வரும் டோஸ் எண்ணைக் காட்டினேன். அந்த 10,000 கணக்கைச் சொன்னேன். இந்தப் பேச்சுக் குழறலுக்குப் பின்னால் ரத்தக் கட்டு இருந்தால் எவ்வளவு நேரம் கையில் இருக்கும் என்பதைப் பக்கத்தில் நின்ற டாக்டர் சொன்னார். ஆபத்து இருக்கிறது என்று நான் ஒப்புக்கொண்ட பிறகுதான் அவர் என் முகத்தையே பார்த்தார். கையெழுத்துப் போட்டார். ரத்தக் கட்டு இருந்தது. அன்றிரவே ஆபரேஷன் நடந்தது, பையன் பிழைத்தான்.

தலை ஸ்கேனில் படுவது ஏறக்குறைய ஒரு வருடம் மண்ணிலிருந்தும் வானத்திலிருந்தும் இயற்கையாக நம்மீது படுகிற கதிருக்குச் சமம் என்று நாங்கள் சொல்வதுண்டு. மில்லிசீவர்ட் என்பது உடம்பு முழுவதற்குமான பாதிப்பைக் கணக்கிடும் அலகு; உலகச் சராசரி வருடத்துக்கு 2.4 மில்லிசீவர்ட், தலை சி.டி. சுமார் 2. நானும் சொல்கிறேன். ஆனால் இதைச் சொல்லும்போது எனக்கு முழு மனசு இல்லை. இயற்கைக் கதிர் உடம்பு முழுக்க, ஒரு வருடம் பரவிப் படுவது. இது சில விநாடியில், தலையில் மட்டும். ஒப்பீடு பயத்தைக் குறைக்கிறது, அதே சமயம் விஷயத்தையும் கொஞ்சம் மறைக்கிறது. அதனால் இப்போதெல்லாம் ஒப்பீட்டோடு எண்ணையும் சேர்த்தே சொல்கிறேன். மூளையில் நீர் வடியக் குழாய் வைத்த குழந்தைகள் போலத் திரும்பத் திரும்ப வருகிறவர்களுக்கு, முடிந்தவரை இந்தக் கதிரே இல்லாத, சில நிமிடங்களில் முடியும் எம்.ஆர்.ஐ.க்கு அனுப்பலாமா என்று டாக்டரிடம் கேட்கிறேன். வேறு இடத்தில் எடுத்த படம் இருக்கிறதா என்று பெற்றோரிடம் கேட்கிறேன். முந்தின நாள் எடுத்த ஸ்கேன் படம் பையிலேயே இருக்க, படம் கொண்டுவரவில்லை என்று நினைத்து மறுபடி எடுக்க இருந்த குழந்தைகள் உண்டு.

அந்த அம்மாவை மறுபடி பார்த்தேன். நடந்ததை மேடத்திடம் ஒப்புக்கொண்டபோதே, பதிவேட்டில் எழுதச் சொன்னவர், வீட்டாரிடமும் சொல்ல வேண்டும் என்று சொல்லியிருந்தார். மறுபரிசோதனைக்கு அவர்கள் வரும் தேதியைக் கேட்டு வைத்திருந்தேன். குழந்தை நன்றாக இருந்தாள். வெளியே வரிசையாகப் போட்டிருந்த நாற்காலிகளில் ஒவ்வொன்றாக ஏறி இறங்கிக்கொண்டிருந்தாள். நான் அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்து, அன்று பெரியவர்களுக்கான அளவில் எடுத்துவிட்டேன், தப்பு என்னுடையது, அதனால் அவளுக்கு நோய் வரும் வாய்ப்பு மிக மிகக் குறைவு, ஆனால் கொடுத்தது தேவைக்கு அதிகம் என்று சொன்னேன். மெஷினையோ அவசரத்தையோ காரணம் சொல்லவில்லை.

அவர் நீண்ட நேரம் பேசவில்லை. நாற்காலியில் ஏறிய குழந்தையையே பார்த்துக்கொண்டிருந்தார். கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"இப்ப எடுத்தா எவ்வளவு வரும்?" என்று கேட்டார்.

"முப்பதுக்குள்ள வரும்மா."

"அன்னிக்கு?"

"அம்பத்தெட்டு."

கையிலிருந்த ஃபைலைத் திறந்து, டிஸ்சார்ஜ் தாளின் பின்பக்கத்தைத் திருப்பி என்னிடம் நீட்டினார். "எழுதிக் குடுங்க தம்பி. தேதியும் போடுங்க. நாளைக்கு வேற எங்கயாவது எடுக்க வேண்டி வந்தா நான் காட்டணும்." எழுதிக் கொடுத்தேன். 58, அதற்குப் பக்கத்தில் மில்லிகிரே, கீழே தேதி, புரோட்டோகால் பெயர், என் கையெழுத்து. அவர் அதை ஒரு தடவை வாசித்துப் பார்த்துவிட்டு, ஃபைலுக்குள் வைத்துக்கொண்டு, கடைசி நாற்காலியில் நின்றிருந்த மகளைத் தூக்கப் போனார்.